இலுப்பச்சட்டியும் டென்னசி பிஸ்கட்டும்

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். திருச்சியில் பிஸ்கட் என்றால் டீயில் முக்கி, உடைந்து கிளாஸுக்குள் விழுவதற்குள் வாய்க்குள் தள்ள வேண்டிய வஸ்து. அமெரிக்காவின் தெற்கு மாநிலங்களில் பிஸ்கட் என்றால் கதையே வேறு. உள்ளங்கை அகலம், இரண்டு விரற்கடை உயரம், வெளியே மொறுமொறு, உள்ளே அடுக்கடுக்காகப் பிரியும். இனிப்பு கிடையாது, உப்புதான். சூடாகப் பிளந்து வெண்ணெய் தடவித் தின்பார்கள். இங்கிலாந்துக்காரர்களின் ஸ்கோனுக்கு இது சித்தப்பா பிள்ளை முறை.

பிஸ்கட் என்ற வார்த்தைக்கு லத்தீன் மூலத்தில் 'இரண்டு முறை சுட்டது' என்று பொருள். அந்தக் கணக்குப்படி பார்த்தால் அமெரிக்க பிஸ்கட் பிஸ்கட்டே இல்லை. ஒரு தடவைதான் சுடுகிறார்கள். ரொட்டியாகச் சுட்டு, நறுக்கி, மறுபடியும் சுடுகிறார்களே, நம்ம டீக்கடை ரஸ்க், அதுதான் அசல் பிஸ்கட். இதை வைத்து கேன்டீனில் ஒரு பஜ்ஜி பந்தயம் கட்டலாம். தோற்க வாய்ப்பே இல்லை.

சரி, விஷயத்துக்கு வருவோம். இந்த அமெரிக்க பிஸ்கட்டுக்கு என்னென்ன வேண்டும்? மைதா 250 கிராம். பேக்கிங் பவுடர் ஒரு டேபிள் ஸ்பூன். ஆப்பசோடா கால் டீஸ்பூன். உப்பு ஒரு டீஸ்பூன். ஜில்லென்ற வெண்ணெய் 80, 90 கிராம். கெட்டியான புளித்த மோர் முக்கால் கப். முட்டை கிடையாது. இந்த 'முட்டை கிடையாது' என்ற ஒரே காரணத்தால்தான் அது ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதியில் இருக்கிற ஒரு வீட்டின் சமையலறைக்குள் நுழைய முடிந்தது. (அந்த ஊரில் முன்பெல்லாம் வெண்ணெய்க்குப் பதில் பன்றிக் கொழுப்பு போடுவதும் சகஜம். இந்தத் தகவல் மேற்படி வீட்டுக்கு இன்றுவரை தெரிவிக்கப்படவில்லை.)

வீட்டில் இருப்பது பாட்டி மட்டும். வயது 78. ஒரே பெண் அமெரிக்காவில், டென்னசி மாநிலத்தில் சட்டனூகா என்ற ஊரில். பேத்திக்கு எட்டு வயது. ஒரு ஜூன் மாதம் பெண்ணும் பேத்தியும் ஆறு வாரம் லீவில் வந்தார்கள். வந்ததற்கு ஒரு காரணம் இருந்தது. வீட்டை என்ன செய்வது, பாட்டியை என்ன செய்வது என்று பேசி முடிக்க வேண்டும். ஸ்ரீரங்கத்தில் நடக்கிறவர்கள் கவனித்திருப்பார்கள், திண்ணை வைத்த வீடுகள் ஒவ்வொன்றாக அடுக்குமாடியாகிக்கொண்டிருக்கின்றன. இந்த வீட்டு வாசலிலும் இரண்டு புரோக்கர்கள் செருப்பைக் கழற்றியாகிவிட்டது.

பேச்சு நடந்துகொண்டிருந்தது. நடுவில் பேத்தி சாப்பிடாமல் இருந்தாள். சாத்தமுது காரம், தோசை புளிப்பு, இட்லி 'ஒண்ணுமே இல்லாத டேஸ்ட்'. தயிர் சாதம் மட்டும் இரண்டு வாய். ஐந்தாம் நாள் பாட்டி கேட்டாள், "உனக்கு என்னடி வேணும், அதையாவது சொல்லு." பேத்தி சொன்னாள், "பிஸ்கட்." பாட்டி கடைக்குப் போய் நாலு பாக்கெட் வாங்கி வந்தாள். பேத்தி அதைப் பார்த்து அழுதாள். பாட்டிக்கு ஒன்றும் புரியவில்லை.

பெண்தான் விளக்கினாள். அங்கே வார்ப்பிரும்பில் கைப்பிடி வைத்த ஒரு சட்டி உண்டு, அதில் வைத்துச் சுடுவார்கள், எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயேதான் அதைச் செய்கிற ஃபேக்டரி இருக்கிறது என்று. உண்மைதான். சவுத் பிட்ஸ்பர்க் என்ற சின்ன ஊரில் லாட்ஜ் கம்பெனி 1896-லிருந்து இரும்புச் சட்டி வார்த்துக்கொண்டிருக்கிறது. சட்டனூகாவிலிருந்து காரில் போனால் முக்கால் மணி நேரம்கூட ஆகாது. "அந்தச் சட்டியைக் கொண்டுவந்திருக்கலாமோன்னோ?" என்றாள் பாட்டி. ஒரு சட்டியே 2 கிலோவுக்கு மேல். பெட்டிக்கு 23 கிலோதான் அனுமதி. அதில் பாதாம், சாக்லேட், அக்கம்பக்கத்துக்கு ஷாம்பூ எல்லாம் வர வேண்டாமா?

"இரும்புதானே? இங்கே இல்லாத இரும்பா?" என்று பாட்டி பரணைப் பார்த்தாள்.

பரணில் இருந்தது இலுப்பச்சட்டி. ஸ்ரீரங்கத்து வீடுகளில் இந்த வார்த்தையைக் கேட்கலாம். இலுப்பை எண்ணெய்க்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. இரும்புச்சட்டிதான் இருப்புச்சட்டியாகி, நாக்கில் வழுக்கி இலுப்பச்சட்டியாகிவிட்டது. அடி தட்டையாக, கனமாக, கறுப்பாக ஒன்று. அது போக அடுப்பு மேடையில் தினப்படி தோசைக்கல். அது பாட்டியின் மாமியார் கையில் பழகியது. 1968-ல் பாட்டி கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்தபோதே அதில் தோசை ஒட்டாது. கோயிலில் பெருமாளுக்குத் தினமும் புது மண்பாண்டத்தில் தளிகை. வீட்டிலோ எவ்வளவு பழசோ அவ்வளவு நல்லது.

இந்த இடத்தில் பி.காம். மக்களுக்கு ஒரு வார்த்தை. தேய்மானம் கணக்கில் நேர்கோட்டு முறை, குறைந்து செல் மதிப்பு முறை என்று இரண்டையும் போட்டுப் போட்டுக் கை வலிக்கிறது அல்லவா? வருமான வரிச் சட்டம் சாதாரண இயந்திரங்களுக்கு வருடத்துக்கு 15 சதவீதம் கழிக்கச் சொல்கிறது. நான்-ஸ்டிக் தவாவுக்கு அதையும் தாண்டிக் கழிக்கலாம், இரண்டாம் வருடமே சுரண்டிவிடும். இந்த இரும்புக் கல்லுக்கு மட்டும் எந்த முறையும் ஒத்துவராது. வருடா வருடம் மதிப்பு ஏறுகிற சொத்து. பேலன்ஸ் ஷீட்டில் எந்தப் பக்கம் எழுதுவது?

ஏறுவதற்குக் காரணம் மந்திரம் இல்லை. எண்ணெய் தடவிச் சூடு பண்ணும்போது எண்ணெய் இரும்பின் மேல் கெட்டியான மெல்லிய படலமாக மாறிப் பிடித்துக்கொள்கிறது. ஒவ்வொரு தோசைக்கும் ஒரு பூச்சு. வருடக்கணக்கில் பூச்சு மேல் பூச்சு ஏறிக் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். புதுக் கல்லை வாங்கினால் வடித்த கஞ்சியில் நாலு நாள் ஊறப்போட்டு, நல்லெண்ணெய் தடவித் தடவிப் பழக்குவார்கள். எண்ணெய் தடவ மற்ற வீடுகளில் பாதி வெங்காயம், இந்த வீட்டில் கத்திரிக்காய்க் காம்பு. நான்-ஸ்டிக்கின் டெஃப்லான் 1938-ல் அமெரிக்காவில் ராய் பிளங்கட் என்பவர் வேறு எதையோ தேடும்போது தற்செயலாகக் கிடைத்தது. அந்தத் தயாரிப்பில் பயன்பட்ட பிஎஃப்ஓஏ என்ற ரசாயனம் உடம்பைவிட்டு லேசில் போகாது என்று தெரிந்து, 2006-ல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் அமைப்பு எட்டு கம்பெனிகளோடு ஒப்பந்தம் போட்டு 2015-க்குள் நிறுத்தச் சொன்னது. அதற்குள் தமிழ்நாட்டில் எத்தனையோ வீட்டு தோசைக்கல் பழைய இரும்புக்காரர் வண்டியில் ஏறிவிட்டது. எடைக்குப் போட்டதையே இப்போது 'முன்பே பழக்கப்படுத்தியது' என்று அட்டைப்பெட்டியில் வைத்து ஆன்லைனில் விற்கிறார்கள். நாமும் வாங்குகிறோம்.

இரும்புச்சத்து சமாசாரமும் உண்டு. 2019-21-ல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நாடு முழுக்க 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. எத்தியோப்பியாவில் குழந்தைகளை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு இரும்புப் பானையிலும் இன்னொன்றுக்கு அலுமினியப் பானையிலும் சமைத்துக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 1999-ல் லான்செட் இதழில் வந்தது. இரும்புப் பானைக் குழந்தைகளுக்கு ரத்தம் கூடியிருந்தது. ஒரு தோசையில் எல்லாம் சரியாகிவிடாது. ஆனாலும் நாலு ரூபாய்க்கு எடைக்குப் போடுகிற பொருளா அது?

பாட்டி தோசைக்கல்லைத் தர மறுத்துவிட்டாள். "கல்லுல சப்பாத்தி போட்டாலே மறுநாள் தோசை வராது. மைதா ரொட்டியெல்லாம் அதுல கூடாது. சட்டியை எடுத்துக்கோ." நியாயமான பேச்சு. தமிழ்நாட்டில் பாதி வீட்டில் இதே சட்டம்தான்.

முதல் தடவை மத்தியானம் மூன்று மணிக்கு ஆரம்பித்தார்கள். அதுதான் தப்பு. பிஸ்கட்டின் ரகசியம் ஜில்லென்ற வெண்ணெயில் இருக்கிறது. வெண்ணெய் சின்னச் சின்னத் துண்டாக மாவுக்குள் இருக்க வேண்டும், கரையக் கூடாது. சூட்டில் போகும்போதுதான் அது உருக வேண்டும். வெண்ணெயில் ஆறில் ஒரு பங்கு தண்ணீர். அது ஆவியாகி வெளியே வர முண்டுகிறபோதுதான் அடுக்குப் பிரிகிறது. (நெய் ஊற்றினால் நடக்காது. நெய்யில் தண்ணீரே இல்லையே.) திருச்சி ஜூன் மாதத்து மூன்று மணிக்கு வெண்ணெய் துண்டாக இருக்குமா? கை வைத்ததும் எண்ணெயாகிவிட்டது. வந்தது பிஸ்கட் இல்லை, தட்டை. கடலைப்பருப்பு ஒன்றுதான் குறை.

இரண்டாவது தடவை விடிகாலை ஐந்து மணி. மாவையும் ராத்திரியே ஃப்ரிட்ஜில் வைத்தாயிற்று. இந்த முறை இன்னொரு விசேஷம். மோரும் வெண்ணெயும் வீட்டிலேயே கடைந்தது. பாட்டி ஒரு வாரத்து ஆடையைச் சேர்த்து உறை ஊற்றி வைத்திருந்தாள். மத்தை எடுத்துக் கடைந்தாள். பேத்தி பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். திரண்டு வந்த வெண்ணெயைப் பாட்டி உருட்டி எடுத்ததும், மிச்சம் என்ன என்று கேட்டாள். மோர் என்றாள் பாட்டி. "பட்டர்மில்க்" என்றாள் அம்மா. குழந்தை ஒரு நிமிஷம் பாத்திரத்தையே பார்த்தது. அட்டை டப்பாவில் வருகிற பட்டர்மில்க்கில் ஏன் பட்டர் என்ற பேர் இருக்கிறது என்று அதற்கு அன்றுதான் தெரிந்தது. அதற்கு மட்டுமில்லை, அம்மாவுக்கும். அங்கே இப்போது கடையில் கிடைப்பது பாலில் நேரடியாக உறை ஊற்றிப் புளிக்க வைத்தது. பெயர் மட்டும் பழைய பெயர்.

ஒரு பானையைக் கடைந்தால் பிஸ்கட்டுக்கு வேண்டிய இரண்டு சாமான் கிடைக்கிறது. எந்தக் குடியானவர் வீட்டுப் பெண்மணி முதலில் கண்டுபிடித்தாளோ, சிக்கனக்காரிதான். மோரின் புளிப்பு ஆப்பசோடாவில் பட்டதும் கரியமில வாயு கிளம்பும், மாவு எழும்பும். புளிப்பு போதாமல் சோடா அதிகமானால் சோப்பு வாடை அடிக்கும். நீர்மோர் ஆகாது, தண்ணீர் கலக்காத மோர் வேண்டும்.

மாவெல்லாம் சரியாக வந்தது. ஆனால் அடுப்பு? இது 220, 230 டிகிரி ஓவனில் 15 நிமிஷம் வேக வேண்டிய சரக்கு. வீட்டில் ஓவன் இல்லை. இலுப்பச்சட்டியில் ஐந்து பிஸ்கட்டை இடித்துக்கொண்டு உட்கார வைத்து (இடைவெளி விடக் கூடாது, விட்டால் பக்கவாட்டில் படுத்துவிடும்) கேஸில் வைத்து மூடினால் அடி கருகிப்போனது, மேலே வெள்ளை. இரும்பு சீக்கிரம் சூடாகாது, சூடானால் லேசில் விடாது. அந்த குணம் அடிப்பக்கத்துக்கு நல்லது. மேல்பக்கத்துக்குச் சூடு எங்கிருந்து வரும்? மூன்றாவது தடவை குக்கரில் கேஸ்கட்டைக் கழற்றி, அடியில் உப்பு பரப்பி, கேக் செய்கிற மாதிரி செய்தார்கள். வெந்தது. ஆனால் மைதா இட்லி.

இதற்குள் எதிர்வீட்டு மாமிக்கு விஷயம் போய்விட்டது. "என்ன, ஆத்துல ரொட்டிக்கடை வெச்சுட்டேளா?" பாட்டி விடவில்லை. "பெருமாளே கார்த்தால ரொட்டியும் வெண்ணெயும்தான் அமுது செய்யறார். நேக்கு என்ன?" சரியான அடி. ஸ்ரீரங்கம் கோயிலில் துலுக்க நாச்சியாருக்காக ரங்கநாதருக்குக் கோதுமை ரொட்டியும் வெண்ணெயும் படைக்கிற வழக்கம் ஊரறிந்தது. டில்லி சுல்தான் மகள் பெருமாள் மேல் ஆசைப்பட்டுப் பின்னாலேயே வந்த கதை. 1323-ல் படையெடுப்புக்குப் பயந்து ஊரைவிட்டுப் போன உற்சவர் நம்பெருமாள் திரும்பி வந்தது 1371-ல். 48 வருஷம் ஊர் ஊராகச் சுற்றியவர். வெளியூர்ச் சாப்பாட்டை ஏற்றுக்கொள்வதில் அவருக்கு ஆட்சேபணை இருந்திருக்காது.

(இன்னொரு பழியையும் இங்கே துடைத்துவிடலாம். ஐயங்கார் பேக்கரி என்றதும் ஸ்ரீரங்கத்தைக் கைகாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கர்நாடகத்தில் ஹாசன் பக்கத்து ஐயங்கார்கள். ஸ்ரீரங்கத்துக்கு அதில் பங்கு இல்லை.)

வழி சொன்னவர் தெருமுனை இஸ்திரிக்காரர். துணி வாங்க வந்தவர் கருகின பிஸ்கட்டைப் பார்த்துவிட்டு, "மேல தணல் போடணும் மாமி. எங்க மாமாகூடப் பாலக்கரையில பிரியாணி வேலைக்குப் போவேன், தம் போடறப்ப மூடி மேல தணல் கொட்டுவோம்ல" என்றார். "அந்தப் பேச்செல்லாம் இங்கே வேண்டாம். தணல் மட்டும் கொடு" என்றாள் பாட்டி. அவருடைய பெட்டி இன்னும் கரிப் பெட்டி.

அமெரிக்காவில் மேற்கே குடியேறப் போனவர்கள் ஓவனைத் தூக்கிக்கொண்டா போனார்கள்? கால் வைத்த இரும்புப் பானை, விளிம்பு வைத்த கனமான மூடி. கீழே தணல், மூடி மேலும் தணல். அதில்தான் பிஸ்கட் சுட்டார்கள். பாலக்கரை பிரியாணியும் அதுவும் ஒரே பொறியியல். பெண் கூகுளில் தேடிப் படம் காட்டியபோது இஸ்திரிக்காரர் ஆச்சரியப்படவே இல்லை. "அதான் சொன்னேனே."

ஆனால் மூடி? எவர்சில்வர் தட்டு நெளிந்துவிடும். பித்தளைத் தாம்பாளத்தில் ஈயம் இருக்கிறது, சமையலுக்கு மேல் தணல் வைக்கக் கூடாது. இலுப்பச்சட்டியின் வாய்க்குச் சரியாக உட்காருகிற கனமான இரும்பு அந்த வீட்டில் ஒன்றுதான் இருந்தது. எல்லோரும் அதைப் பார்த்தார்கள். யாரும் பேரைச் சொல்லவில்லை.

கல்லைக் கவிழ்த்து வைத்தால் எண்ணெய் ஏறிய முகம் தப்பும். ஆனால் முதுகு லேசாகக் குவிந்தது, தணல் நிற்காமல் உருளும். நிமிர்த்தி வைத்தால் குழிவில் தணல் அழகாக உட்காரும். ஆனால் நேரடித் தணல் சூட்டில் அந்தக் கண்ணாடிப் பூச்சு எரிந்து சாம்பலாகிவிடும். ஐம்பது வருஷத்துக்கு மேற்பட்ட பூச்சு, அதற்கு முன்னால் மாமியார் காலத்துப் பூச்சு வேறு. பெண் சொன்னாள், "வேண்டாம்மா, நாளைக்கு ஓவன் வாங்கிக்கலாம். பெரிய கடைவீதியில கிடைக்கும்."

"ஓவனை வாங்கி, நீங்க போனப்பறம் நான் அதுல என்ன பண்ணட்டும்?" என்று சொல்லிக்கொண்டே பாட்டி கல்லைத் துணியால் துடைத்தாள். இரண்டு பக்கமும் துடைத்தாள். நிமிர்த்தியே வைத்தாள்.

சட்டி சூடாகிவிட்டதா என்று பார்க்க பாட்டி தண்ணீர் தெளித்தாள். துளி சுர்ரென்று காயாமல் முத்தாக உருண்டு ஓடியது. சட்டி நீர் கொதிக்கிற சூட்டைத் தாண்டி நன்றாக மேலே போனால்தான் இப்படி ஓடும். இதை லைடன்ஃப்ராஸ்ட் என்ற ஜெர்மன் டாக்டர் 1756-ல் எழுதி வைத்தார், அவர் பேரில் பாடமும் இருக்கிறது. தோசை சுடுகிறவர்கள் பேரில் ஒன்றும் இல்லை.

பிஸ்கட்டை வைத்து, கல்லை மூடி, இஸ்திரிக்காரர் இடுக்கியால் தணலை ஒவ்வொன்றாக வைத்தார். கல்லின் மேல் புகை கிளம்பியது. பழைய நல்லெண்ணெய் எரிகிற வாசனை கூடம் வரை வந்தது. பாட்டி ஜன்னலைத் திறக்கப் போனவள் அங்கேயே கொஞ்ச நேரம் நின்றாள். பதினெட்டு நிமிஷம். திறந்தபோது மேலே பொன் நிறம், அடியும் பொன் நிறம், பக்கத்தில் அடுக்கு தெரிந்தது. பேத்தி மூன்று தின்றாள். பாட்டி ஒன்றைப் பிட்டு, மாவடு ஊறின தண்ணீரைத் தொட்டுக்கொண்டு சாப்பிட்டுவிட்டு, "உப்பு சரியா இருக்கு" என்றாள்.

அதற்கப்புறம் அந்த ஆறு வாரத்தில் ஏழெட்டுத் தடவை பிஸ்கட் நடந்தது. கல் எப்படியும் போய்விட்டது, இனிமேல் என்ன என்று. வீட்டு விஷயம் மட்டும் முடியவில்லை. புரோக்கரிடம் தை பிறக்கட்டும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

கிளம்புவதற்கு நாலு நாள் முன்னால் பாட்டி கல்லைப் புளி போட்டுத் தேய்த்தாள். சாம்பல் நிறத்தில், அப்போதுதான் கடையில் வாங்கியது மாதிரி இருந்தது. கஞ்சியில் இரண்டு நாள் ஊறியது. அப்புறம் அடுப்பில் ஏற்றி நல்லெண்ணெய். கத்திரிக்காய்க் காம்பைப் பிடித்துத் தடவியது பேத்தி. "வட்டமா தடவு. நடுவுல ஆரம்பி. விளிம்பை விடாதே." முதல் தோசை ஒட்டிக்கொண்டு சுரண்டத்தான் வந்தது. இரண்டாவது பாதி வந்தது. மூன்றாவது கிழியாமல் வந்தது, ஓரம் மட்டும் கொஞ்சம் பிடித்தது. பேத்தி அதைத் தட்டில் வாங்கிக்கொண்டு, நாலாவதற்கு எண்ணெய் தான்தான் தடவுவேன் என்று காம்பைக் கீழே வைக்காமல் நின்றாள்.